துப்பாக்கியைப் பற்றி ஊர் பேசுவதற்கு ஒரு பொதுவெளிக் கலை: வேலூருக்கு எது பொருந்தும்?

பாலாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு மகள் வீட்டிற்கு அமெரிக்கா சென்றிருந்தபோது, நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தின் வளாகத்தில் இருக்கும் முடிச்சிட்ட துப்பாக்கிச் சிற்பத்தைப் பார்த்தேன். ஜான் லெனன் 1980ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட துயரத்தில் சுவீடன் நாட்டுச் சிற்பி கார்ல் பிரெட்ரிக் ரூட்டர்ஸ்வார்ட் உருவாக்கிய வடிவம் அது. லக்சம்பர்க் அரசு 1988இல் ஐ.நா.வுக்கு அன்பளிப்பாக வழங்கியது. வெண்கலத்தாலான பெரிய கைத்துப்பாக்கி. அதன் குழலை நம் வீட்டுப் பெண்கள் கூந்தலை அள்ளி முடிவதைப் போல ஒரு முடிச்சாக முடிந்து, வாயை மேல்நோக்கித் திருப்பி விட்டிருக்கிறார். ஏறத்தாழ இருபது நிமிடங்கள் அங்கேயே நின்றேன். வந்தவர்கள் எல்லோரும் இரண்டு விரல்களை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டு பேருந்தை நோக்கி நடந்தார்கள். ஒருவர்கூட அடுத்தவரிடம் துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்குத் தெரியவில்லை. சற்றுத் தள்ளி நின்ற காவலரின் இடுப்பில் உண்மையான துப்பாக்கி ஒன்று இருந்தது. அதையும் யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்த நாட்டில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 48,830 பேர் துப்பாக்கியால் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். நம் நிலைமை அதுவன்று என்பதை அறிவேன். ஆயினும் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இருப்பதும், அவற்றை ஒப்படைக்குமாறு காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதும், இருட்டில் பன்றி என்று எண்ணி மனிதரைச் சுட்டுவிட்ட செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிகளில் முடிந்துபோவதும் நாம் அறிந்தவையே. ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நினைவு நாளையொட்டி வேலூரில் இது குறித்து ஒரு சிற்பமோ சுவரோவியமோ அமைக்கலாம் என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒன்றை வைத்தால் யார் பேசுவார்கள், எதைப் பேசுவார்கள் என்பதுதான் நியூயார்க்கிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்த கேள்வி.

தொரப்பாடி வழக்குரைஞர் எழுதியது:

அம்மா, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலையைப் பற்றி மற்றவர்கள் பேசட்டும். வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்திற்குத் தடை, அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு முன் அனுமதி தேவை. ஆகவே அகழிக்கரையில் பீடம் கட்டும் எண்ணம் இருந்தால் இன்றே கைவிடலாம். சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதி அளிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 சனவரியில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளை உருக்கிச் சிற்பம் செய்யலாமே என்று யாரேனும் எழுதுவதற்கு முன்பே அதையும் தெளிவுபடுத்துகிறேன்: பறிமுதல் செய்யப்பட்ட ஆயுதம் வழக்குச் சொத்து. நீதிமன்றம் ஆணையிடும் வரை அதிலிருந்து ஓர் ஆணியைக்கூட நாம் கழற்ற முடியாது.

நாளைப் பற்றியும் எனக்குத் தயக்கம் உண்டு. 1806 ஜூலை 10 விடியும் முன்னர் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி ஆகியவற்றின் மீது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் உடனடிக் காரணம். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்தது. கோட்டையில் இருந்த அரண்மனைக்குள் பிடிபட்ட ஏறத்தாழ நூறு சிப்பாய்கள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். விசாரணைக்குப் பிறகு சிலர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டார்கள். அந்த நாளில் இரு தரப்பும் துப்பாக்கி ஏந்தித்தான் நின்றன. மக்கான் சந்திப்பு நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கும் நாளன்று துப்பாக்கி வேண்டாம் என்று நாம் ஒரு படத்தை வைத்தால், அது புரட்சியாளரைக் குறை சொல்வதாகத்தான் புரிந்துகொள்ளப்படும். பேச்சு முழுவதும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சத்துவாச்சாரி மாணவி எழுதியது:

நுண்கலை பயில்கிறேன் என்பதால் சில எடுத்துக்காட்டுகளைத் தரலாம் என்று நினைக்கிறேன். முடிச்சிட்ட துப்பாக்கி ஊரைப் பேச வைக்காததற்குக் காரணம், அது முடிந்துபோன ஒன்றாக வந்து நிற்கிறது என்பதே. பார்ப்பவருக்கு அதில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை.

மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1995இல் கிறித்தவச் சபைகளின் மன்றம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத் தையல் இயந்திரமோ மிதிவண்டியோ வேளாண் கருவியோ கிடைத்தது. வந்த துப்பாக்கிகளை வெட்டிக் கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்ற சிற்பி 2001இல் அவற்றைக் கொண்டு ஒரு நாற்காலி செய்தார். அது இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடையில் பள்ளிகளுக்கும் சிறைக்கும்கூட எடுத்துச் செல்லப்பட்டது. மெக்சிகோவின் குலியாக்கான் நகரில் பெத்ரோ ரெயஸ் என்பவர் 2008ஆம் ஆண்டளவில் பொதுமக்களிடமிருந்து வந்த 1,527 துப்பாக்கிகளை உருக்கி 1,527 மண்வெட்டிகள் செய்து, அவற்றால் அத்தனை மரக்கன்றுகளை நடும் வேலையைத் தொடங்கினார். மண்வெட்டியைக் கையில் பிடித்துக் குழி தோண்டுகிற சிறுவன் அது முன்பு என்னவாக இருந்தது என்று கேட்காமல் இருக்க மாட்டான்.

என்னை மிகவும் பாதித்தது கொலம்பியாவின் பொகோட்டாவில் உள்ள ஒரு தரை. கெரில்லாப் படையினர் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கி, தோரிஸ் சல்செதோ என்ற கலைஞர் தளத்தகடுகளாக வார்த்தார். அந்தத் தகடுகளுக்கான அச்சை, போரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் சுத்தியலால் அடித்து அடித்து உருவாக்கினார்கள். நிமிர்ந்து நிற்கும் நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாம் என்று மறுத்துவிட்டு, மக்கள் காலால் மிதித்து நிற்கும் தரையாக 2018இல் அதை அமைத்தார் அவர். அமெரிக்காவிலும் 2019 சிகாகோ கண்காட்சியில் நான்கு கண்ணாடி வீடுகள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலும் 700 கண்ணாடிச் செங்கற்கள். அந்நாட்டில் அப்போது ஒரு வாரத்தில் துப்பாக்கியால் இறந்தவர்களின் சராசரி எண்ணிக்கை அது. செங்கல்லுக்குள் இருக்கும் வெற்றிடத்தில், இறந்தவரின் காலணியையோ புகைப்படத்தையோ குடும்பத்தாரே கொண்டுவந்து வைத்தார்கள். இவை எல்லாவற்றிலும் பொதுமக்களின் கை பட்டிருக்கிறது. நம் திட்டத்தில் யாருடைய கை படும் என்பதை முதலில் முடிவு செய்யலாம்.

ஒற்றைக்குழல் எழுதியது:

என் பெயரே என் பக்கத்தைச் சொல்லிவிடும். எங்கள் நிலம் அணைக்கட்டுப் பக்கம், காட்டை ஒட்டியது. பாட்டனாரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைப் பழைய வேட்டியில் சுற்றி மிதிவண்டியில் வைத்துக் கட்டி, காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்புவார். தேர்தல் முடியும் வரை அவருக்குச் சரியாக உறக்கம் வராது. ஆயுத பூஜையன்று கலப்பைக்கும் கடப்பாரைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் அதற்கும் உண்டு. பெரும்பாலும் வானத்தை நோக்கித்தான் சுடுவார். அந்த ஒலிக்கே பன்றிகள் ஓடிவிடும். அவர் காலமானபின், உரிமம் தானாக வாரிசுக்கு வராது என்பதால் முறைப்படி ஒப்படைத்துவிட்டோம். அது படுத்திருந்த இரண்டு ஆணிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. ஒன்றில் நாள்காட்டி தொங்குகிறது. மற்றொன்றில் எதையும் மாட்ட என் தந்தை விடுவதில்லை.

மல்லாட்டை (நிலக்கடலை) பிடிக்கும் பருவத்தில் ஒரே இரவில் அரை ஏக்கரைப் பன்றிகள் உழுதுபோட்டதைக் கண்ட எவரும் துப்பாக்கியை வெறும் வன்முறைச் சின்னமாகப் பார்க்க மாட்டார்கள். காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் அரசு முடிவெடுத்தது; காட்டை ஒட்டியே நிலம் வைத்திருக்கும் எங்களுக்கு அதனால் என்ன பயன்? துப்பாக்கி தீயது என்ற தீர்ப்பை எழுதி முடித்துவிட்டு, அதற்குச் சிலை எடுத்து, வாருங்கள் பேசலாம் என்று எங்களை அழைப்பது நியாயமாக இல்லை. இன்னொன்றையும் கேட்கிறேன். நடிகர்கள் இரண்டு கைகளிலும் துப்பாக்கி ஏந்தி நிற்கும் பிளெக்ஸ் தட்டிகள் பிறந்தநாள், காதுகுத்து, கோயில் திருவிழா என எல்லாவற்றுக்கும் ஊர் முழுதும் நிற்கின்றனவே, பொதுவெளியில் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பற்றி நகரத்தார் ஏன் பேசுவதில்லை?

மலைப்பள்ளி ஆசிரியர் எழுதியது:

ஜவ்வாது மலையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றை எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். குறிப்பிட்ட நாளுக்குள் துப்பாக்கியைத் தாமாகவே ஒப்படைப்பவர்மீது வழக்கு இல்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார்கள். ஒருநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில், மாரியம்மன் கோயில் திண்ணையில் ஏழு நாட்டுத் துப்பாக்கிகள் வரிசையாகக் கிடந்தன. இரவோடு இரவாக யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றின் கட்டை பிளந்து, மிதிவண்டி டியூபால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. இன்னொன்றில் வெடிமருந்தைக் கெட்டிக்கும் கம்பிக்குப் பதிலாகப் பழைய குடைக்கம்பி செருகியிருந்தது. குழந்தைகள் சுற்றி நின்று எண்ணினார்கள். ஒரு கிழவி வந்து டியூப் சுற்றியதை மட்டும் ஒருமுறை தொட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். என் வகுப்புச் சிறுவன் ஒருவன் "அது எங்க..." என்று தொடங்கினான், அவனுடைய அக்காள் அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவ்வளவுதான். ஜீப்பு வந்து அள்ளிக்கொண்டு போனபின், அந்த ஊரில் நான் இருந்தவரை எவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த ஊருக்குத் துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாமல் இல்லை. யாருடைய தம்பி எந்த இரவில் தவறிச் சுடப்பட்டான் என்பதும், சுட்டவன் யார் என்பதும், பஞ்சாயத்தில் என்ன பேசி முடித்தார்கள் என்பதும் அனைவருக்கும் தெரியும். வாயைத் திறந்தால் வழக்கு வரும், அல்லது பழைய பகை எழும். ஆகவே, பெயர் சொல்லாமல் பேசுவதற்கு ஓர் இடத்தை உங்கள் கலையால் தர முடியுமானால் அதைச் செய்யுங்கள். வேலூர் நகரின் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வைக்கும் எந்தச் சிற்பமும் அந்தக் கிழவியிடம் வந்து சேராது.

களரி எழுதியது:

ஆசிரியர் ஐயா கேட்ட இடம் நம்மிடம் வெகு காலமாக இருக்கிறது. நாம்தான் அதைக் கலை என்று எண்ணாமல் திருவிழா என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஆற்காடு, கலவைப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, கடைசியில் துரியோதனன் படுகளம் வைப்பது வழக்கம். கோயில் எதிரே வெட்டவெளியில் நாற்பது, ஐம்பது அடி நீளத்திற்கு மண்ணைக் குவித்துத் துரியோதனனை மல்லாந்து படுத்த கோலத்தில் செய்வார்கள். மண் சுமப்பதும் தண்ணீர் ஊற்றி மிதிப்பதும் ஊர்க்காரர்கள் வேலை. முகத்தையும் மீசையையும் மட்டும் கைதேர்ந்தவர் தீட்டுவார். காலை வெயிலில் வீமன் வேடக்காரர் அந்த உடலைச் சுற்றி ஓடி ஓடிப் போர் செய்து, தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்து வைத்த பானையிலிருந்து சிவப்பு நீர் எடுத்துத் திரௌபதியின் கூந்தல் முடியப்படும். சில ஊர்களில் அதோடு நிற்பதில்லை. இறந்தவன் பக்கத்துப் பெண்ணாக வேடமிட்டவர் வந்து மாரடித்து ஒப்பாரி வைப்பார். பழி முடிந்தது என்று குலவையிட்ட அதே பெண்கள், ஐந்து நிமிடம் கழித்து அந்த ஒப்பாரிக்குக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு மழை வந்து அந்த உருவத்தைக் கரைத்துவிடும். பீடமும் இல்லை, அனுமதிச் சிக்கலும் இல்லை, வழக்குரைஞர் ஐயா.

இன்னும் பழைய முறையும் ஒன்று உண்டு. பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த செங்கம் வட்டாரத்தில் வயல்வெளிகளில் நிற்கும் நடுகற்களில், செத்தவன் யார், யாருடைய ஆள், எந்தப் பூசலில் பட்டான் என்பதை எழுதி, வில்லும் வாளுமாக உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தவனோடு கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயும் நிற்கிறது. வன்முறையைப் பற்றி ஊரின் நடுவே வைத்துப் பேசும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறான். அரசனையும் கேள்வி கேட்பான். பார்வையாளர் பக்கம் திரும்பி ஊர் விவகாரத்தையும் இழுப்பான். "ஏம்பா, ராத்திரி மல்லாட்டைக் கொல்லையில என்னமோ சத்தம் கேட்டுச்சாமே?" என்று அவன் கேட்டால், கூட்டத்திலிருந்து பதில் வரும். பதில் சொன்னவரை யாரும் சாட்சியாகக் கொள்வதில்லை. அவர் கூத்துக்குத்தான் பதில் சொன்னார்.

சத்துவாச்சாரி மாணவி எழுதியது:

களரி அண்ணா, இதைப் படித்தபின் என் ஓவிய யோசனைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டேன். ஆனால் ஓர் ஐயம் இருக்கிறது. படுகளம் பழிவாங்குதலைக் கொண்டாடுகிற சடங்கும் அல்லவா? தொடையில் அடிக்கும்போது எழும் ஆரவாரம், பிளெக்ஸில் துப்பாக்கியோடு நிற்கும் நடிகருக்கு எழும் ஆரவாரத்திலிருந்து எவ்வகையில் வேறுபட்டது?

களரி எழுதியது:

வேறுபாடு அந்த ஒப்பாரியில் இருக்கிறது, தங்கையே. அது இல்லாத ஊர்களில் நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆகவே நாம் செய்வதாக இருந்தால் ஒப்பாரியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அடித்து வீழ்த்தும் காட்சியே வேண்டாம். விடிந்தபின் கிடக்கும் உடலைச் சுற்றி வருபவர்கள் மட்டும் போதும்.

தொரப்பாடி வழக்குரைஞர் எழுதியது:

கட்டியங்காரனைப் பற்றிய கருத்து எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வேடக்காரர் கையில் அச்சு அசலான துப்பாக்கி வேண்டாம். அட்டையும் மூங்கிலும் போதும். கூத்தில் கதாயுதமே அட்டைதானே. இரண்டாவது, கூத்து நடக்கும் இரவில் சீருடையில் எவரையும் விருந்தினராக அழைக்காதீர்கள். அழைப்பிதழில் காவல் அதிகாரியின் பெயரைக் கண்டவுடன் ஆசிரியர் சொன்ன கிழவி வீட்டைப் பூட்டிக்கொள்வார். காவல் நிலையத்தில் நிகழ்ச்சிக்கான அனுமதியை மட்டும் முறைப்படி பெற்றுக்கொள்ளலாம். மனுவை நானே எழுதித் தருகிறேன். பேசுகிறவர்களைக் கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது என்பதையும் தொடக்கத்திலேயே கட்டியங்காரன் வாயால் சொல்ல வைக்க வேண்டும், ஏனெனில் கூத்தில் விளையாட்டாகச் சொன்னது ஒரு காணொளியாக வெளியே போனால் அங்கே சாட்சியமாகப் பேசப்படும்.

ஒற்றைக்குழல் எழுதியது:

இதற்கு நான் வருகிறேன். ஒரு நிபந்தனை: பயிர் அழிந்த விவசாயிக்கும் அந்தக் களத்தில் ஒரு வேடம் வேண்டும். அவன் கையில் துப்பாக்கி இருந்த காரணத்தை அவன் வாயாலேயே சொல்லட்டும், அதன் பிறகு தம்பியை இழந்தவர் பேசட்டும். அந்த வரிசை எனக்கு முக்கியம்.

பாலாற்றங்கரை எழுதியது:

பதில் எழுத இரண்டு வாரங்கள் ஆகிவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 10 என்ற நாளையும் கோட்டை என்ற இடத்தையும் விட்டுவிட்டோம். கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபம் ஒரு காலத்தில் ஆயுதக் கிடங்காக இருந்ததையும், 1981இல்தான் கோயிலுக்கு இறைவன் திரும்பினார் என்பதையும் வைத்து நான் ஒரு பெரிய திட்டமே எழுதி வைத்திருந்தேன். அது வேறொரு நாளைக்கு இருக்கட்டும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை களரி அவர்களோடு ஒரு கூத்து வாத்தியாரைச் சென்று பார்த்தேன். மலையடிவாரத்தில் அறுவடை முடிந்த ஒரு கொல்லையில், ஓர் இரவுக் கூத்தும் விடிகாலையில் ஒரு மண்ணுருவமும் என்று நாங்கள் விளக்கியதை முழுவதும் கேட்டுக்கொண்டார். ஒற்றைக்குழல் அவர்களின் நிபந்தனையைச் சொன்னபோது தலையசைத்தார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "படுத்திருக்கறது யாரு? செத்தவனா, சுட்டவனா, இல்ல துப்பாக்கியா? அது தெரியாம மண்ணு கொழைக்க முடியாது." எங்கள் இருவரிடமும் இரண்டு பதில்கள் இருந்தன. துப்பாக்கியையே ஐம்பது அடிக்குப் படுக்க வைக்கலாம் என்பது என் எண்ணம். களரிக்கு அது பிடிக்கவில்லை, மனித முகம் இல்லாத உருவத்திற்கு யார் ஒப்பாரி வைப்பார்கள் என்று கேட்கிறார். ஆசிரியர் ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறோம்.

மலைப்பள்ளி ஆசிரியர் எழுதியது:

என் கருத்தைச் சொல்வதற்கு முன் இப்போது பணியாற்றும் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியை அப்படியே கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் உடனே "பன்றி" என்றார்கள். அதற்கு வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், முகத்தைத் துணியால் மூடி வைத்துவிட்டால் யார் என்று சொல்ல வேண்டியதில்லையே, சார், என்றாள். வாத்தியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மண்ணுக்கு எங்கள் பக்கம் ஏரி தூர் வாரிய இடத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டு டிராக்டர் அளவு தருவார்கள், வண்டி வாடகை மட்டும் நம்முடையது.